பழுதான ஆறு கட்டில்களைச் சரிசெய்ய அனுமதி வேண்டி

அனுப்புநர்:
இரும்புப் பட்டறை வெல்டர்,
பஸ் டிப்போவுக்குப் பின்புறம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
சிறார் இல்லங்கள் துறை.

பொருள்: பெண்கள் சிறார் இல்லத்தில் இடமில்லாததால் என் மகள் பெரியவர்கள் சிறையில் வைக்கப்பட்டிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் தப்பு செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டு தோழிகளோடு போய் செல்போன் கடைக் கண்ணாடியை உடைத்தாள். தடுத்த காவலாளியின் கை முறிந்தது. அவர் வீட்டுக்குப் போய், தலையைக் குனிந்து நின்று, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

2. அவளை ஓராண்டு சிறார் இல்லத்தில் வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இல்லத்தில் கட்டில் காலியாகும்வரை, தற்காலிகமாகப் பெண்கள் சிறையில் வைத்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.

3. எந்தப் பிள்ளையையும் தரையில் படுக்க வைக்கக் கூடாது என்பது இல்லத்தின் விதி என்றார் கண்காணிப்பாளர் அம்மா. நல்ல விதி ஐயா, நான் குறை சொல்லவில்லை. அந்த விதியால்தான் என் மகள் சிறையில் கழிப்பறைக் கதவோரம் தரையில் படுத்திருக்கிறாள்.

4. சென்ற மாதம் ஒரு கட்டில் காலியாகி, வந்து கையெழுத்துப் போடச் சொல்லி இல்லத்திலிருந்து எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தேன். அதற்குள் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, என் மகளை வரிசையின் கடைசியில், ஐந்தாவதாகப் போட்டுவிட்டார்கள். இது என் தவறு. இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து போனைச் சட்டைப்பைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

5. வரும் இரண்டாம் தேதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதன்பின் இல்லத்தில் சேர்க்க மாட்டார்களாம். மீதி நாள் முழுக்கச் சிறைதான். போன வாரம் சிறையில் பார்த்தபோது, அங்கிருக்கும் ஓர் அக்கா தன்னைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்கிறார் என்றாள். வெளியே போனதும் தன் ஆட்களிடம் வேலை வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாராம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. "அப்பா, இனி என்னைப் பத்தி கவலைப்படாதீங்க" என்று அவள் சிரித்தபடி சொன்னாள்.

6. இல்லத்து வாசலில் காத்திருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். சமையலறைச் சுவரோரம், தார்ப்பாய்க்கு அடியில் ஆறு இரும்புக் கட்டில்கள் கிடக்கின்றன. நான்கில் கால் இணைப்பு விட்டிருக்கிறது, இரண்டில் குறுக்குப் பட்டை துருப்பிடித்து அறுந்திருக்கிறது. புதிய கட்டில்கள் அடுத்த ஆண்டுதான் வரும் என்கிறார்கள். ஐயா, அது ஒரு பகல் வேலை. முப்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன்.

7. ஆகையால் அந்த ஆறையும் சரிசெய்ய எனக்கு அனுமதி தாருங்கள். கூலி வேண்டாம், கம்பியும் பட்டையும் என்னுடையவை. வெளியாள் உள்ளே வரக் கூடாது என்றால் கட்டில்களை மதிலுக்கு வெளியே கொண்டுவந்து போடச் சொல்லுங்கள், தெருவில் உட்கார்ந்தே பற்றவைத்துத் தருகிறேன். என் மகளை முன்னால் நகர்த்தச் சொல்லவில்லை. முதல் நான்கும் அவளுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகளுக்கே போகட்டும். ஐந்தாவது அவளுக்கு. ஆறாவது, போன் சத்தம் காதில் விழாத இன்னொரு தகப்பனுக்கு.

8. அவளை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தேதிக்கு முன்னால் உத்தரவு போடுங்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கட்டிலை நான் செய்து தருகிறேன் ஐயா, பூட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
வரிசையில் ஐந்தாவதாக உள்ள பெண்ணின் அப்பா