ரொட்டியும் பலகைப் பெட்டியும்

5 ஆகஸ்டு 1952, செவ்வாய்

விடியலில் காற்றோடு மழை. பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கு வரவில்லை. மழை ஒரு சாக்கு.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாரிமுத்து வந்தார். தோட்டத் துரை உத்தரவாம். தொழிலாளர் லயங்களை முள்வேலிக்குள் நெருக்கியபின் நாய்த் தொல்லை அதிகம். ஒன்று குரைத்தால் போதும், காட்டிலிருந்து கம்யூனிஸ்டு ஆள் வந்துவிட்டதென்று காவல்காரர்கள் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள்.

"திங்கக்கெழம துரையும் ஆஸ்பத்திரி டிரெசரும் சுத்திப் பாக்க வர்றாங்க வாத்தியாரே. நாயி பெட்டியில சத்தமில்லாம, சுத்தமா இருக்கணும். இல்லன்னா லோரியில ஏத்திடுவோம். அப்புறம் என்னைக் கேக்காதீங்க லா."

லோரி எங்கே போகுமென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

என் நாய்க்குட்டி ரொட்டிக்கு மூன்று மாதம். கட்டினால் கயிற்றைக் கடித்துவிடுகிறான். பெட்டியில் அடைத்தால் ஊளை, போதாததற்கு ஈரம். மாலையில் வேலிக் கதவு மூடியபின் எனக்குப் பேச்சுத் துணை அவன் ஒருவன்தான். விடமாட்டேன்.

6, புதன்

நல்ல வெயில். செய்தவை:
– பெட்டியில் பாதியைப் பலகையால் அடைத்தல். படுக்க மட்டும் இடம். படுக்கிற இடத்தை நனைக்க நாய்க்கு மனம் வராதாம்.
– என் பழைய வேட்டி உள்ளே.
– சோறு பெட்டிக்குள்தான். (ரேஷன் அரிசி அவனுக்கு, மரவள்ளி எனக்கு.)
– மூடுமுன் வெளியே அழைத்துப் போதல்.

அடுத்த அறை லெட்சுமி அக்கா, கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர், யோசனை சொன்னார். "வெளிய கொண்டுபோயி 'ஸ்ஸ்ஸ்'னு சொல்லுங்க வாத்தியாரே. என் மவனுக்கு அப்படித்தான்."

வேலியோரம் நின்று ஸ்ஸ்ஸ். காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மூன்றாம் முறை பலித்தது! ரொட்டிக்கு ஒரு துண்டு வெல்லம்.

7, வியாழன்

கதவை மூடி ஐந்து நிமிடம். பிறகு பத்து. அழும்போது திறப்பதில்லை, அடங்கியதும் திறந்தேன். உண்மையில் எனக்குத்தான் தாங்கவில்லை.

வகுப்பு முடியும்வரை ஊளை இல்லை. ஆனால் மதியம் வேட்டி ஈரம். வெளியே போய்விட்டுத்தானே உள்ளே போனான்? சோப்பு தீர்ந்தது. ஈஜோக் டவுனுக்குப் போனால் வாங்க வேண்டும்.

8, வெள்ளி

மறுபடி ஈரம். திட்டிவிட்டேன். பிறகு வருத்தம்.

இடைவேளையில் லெட்சுமி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "எங்க சுவத்துப் பலகைச் சந்துல பாத்தேன். அந்தப் பக்கம் நீங்க பிள்ளைங்கள 'ஸ்ஸ்ஸ்'னு அடக்குறீங்க, இந்தப் பக்கம் இவன் குந்திடுறான்! இவன் மட்டுமா, என் மவனும் ரெண்டு தடவ நனைச்சிட்டான்!"

பள்ளிக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ஒரு காலையில் எத்தனை ஸ்ஸ்ஸ் சொல்கிறேனோ, ஆண்டவருக்கே வெளிச்சம். பாவம், சொன்ன பேச்சைக் கேட்டதற்குத் திட்டு வாங்கியிருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். கையை நக்கினான்.

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். லோரி பற்றியும். இனி வகுப்பில் ஸ்ஸ்ஸ் கிடையாது, உதட்டில் விரல்தான். கமலா எழுந்து, "சார், அப்ப நாங்க சொல்லலாமா?" கூடாது.

10, ஞாயிறு

ஒத்திகை. நான் ஜெபத்துக்குப் போன ஒரு மணி நேரமும் பெட்டியில். திரும்பினால் வேட்டி காய்ந்தபடி! தூக்கிச் சுற்றினேன். ஆனால் நாளை மூன்று மணி நேரம்.

11, திங்கள்

வானம் மப்பு. ஏழு மணிக்கு வேலியோரம். ஆயிற்று.

பத்து மணிக்குத் துரை, டிரெசர், மண்டோர் மூவரும் வந்தார்கள். முதலில் பள்ளி. விரலைத் தூக்கவே தேவைப்படவில்லை. வாலுப் பிள்ளைகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு பலகைச் சுவரையே பார்த்திருந்தார்கள். இத்தனை ஒழுங்கான பள்ளியைத் தாம் கண்டதில்லை என்று துரை என் கையைக் குலுக்கினார்.

அடுத்து என் அறை. டிரெசர் குனிந்து வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமில்லை. ரொட்டி ஒரு கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். மண்டோர் காகிதத்தில் எழுதினார்: வாத்தியார் நாய், இருக்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் லயத்தின் முனை திரும்பியதும் வகுப்புக்குப் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் அடக்கவில்லை.