செர்ரி மரத்துக்கு வாங்கிய ஐஸ்

786

தொண்டி
18-6-1962

அன்பு மகன் அகமது கபீருக்கு உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நல்ல சுகம், கோபேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தொழுகை தவறாமல், இருமல் இல்லாமல் இருக்க துஆ கேட்கிறேன். நீ அனுப்பிய செர்ரி மரம் மாசியிலேயே வந்துவிட்டது. சாக்கைப் பிரித்தபோது கொல்லையில் இருந்தவர்கள் நான், உன் வாப்பா, உன் லாத்தா மெஹருன்னிசா, அதைக் கப்பலில் கொண்டுவந்த காதர் மைதீன், மீன் கொட்டகையில் ஐஸ் வண்டி தள்ளும் செல்லச்சாமி, பிறகு நம் ஆடு. ஆடு மட்டும்தான் மரியாதையாகப் பார்த்தது. இலையே இல்லாத ஒற்றைக் குச்சியைக் கண்டு மெஹருன்னிசா, "ஜப்பான்லருந்து தம்பி வெறகு அனுப்பிருக்கான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ கூடவே வைத்திருந்த குறிப்பை எழுத்துக்கூட்டி நான்தான் எல்லோருக்கும் வாசித்தேன். பட்டையில் கோடுகள் குறுக்குவாட்டில் ஓடும் என்றாய், ஓடியது, கை நிறைய வளையல் போட்டது மாதிரி. அடியில் காட்டுச் செர்ரி, மேலே பூச்செர்ரி, இரண்டையும் ஒட்டுக் கட்டிய முடிச்சும் இருந்தது. ஒரே பூவில் இருபது முப்பது இதழ் இருக்கும், ஆனால் காய்க்காது என்று வாசித்ததும் செல்லச்சாமி, "காய்க்காத மரத்துக்கு எதுக்கு மொதலாளி இம்புட்டுத் தூரம் கப்பல் சவாரி?" என்றான். பங்குனியில் துளிர்த்துவிட்டது தம்பி. துலக்கிய செம்புப் பாத்திரம் போல இளம் இலை, ஓரமெல்லாம் பொடிப் பல், ஒவ்வொரு காம்பிலும் இரண்டு சின்னக் குமிழ், அதில் எறும்பு வரிசையாக வந்து தேன் குடித்துப் போனது.

வம்பெல்லாம் குறிப்பின் கடைசி வரிகளில்தான். இலை உதிர்த்துக் குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும் என்று எழுதி, பூத்ததும் சொல்லுங்கள், பார்க்க வருகிறேன் என்று முடித்திருந்தாய். நீ விளையாட்டுக்கு எழுதியிருப்பாய். கடையைப் பார்க்காமல் கப்பல் ஏறினாய் என்ற கோபத்தில் ஆறு வருஷமாக உன் பேரைச் சொல்லாத மனுஷர், சித்திரை பிறந்ததும் செல்லச்சாமியை நிறுத்தி, மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கேட்டார். தினமும் வேரைச் சுற்றி ஐஸ், அதன்மேல் ஈரச் சாக்கு, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உன் வாப்பா. "மீனே இல்லாம ஐஸு வாங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்று செல்லச்சாமி தெருவெல்லாம் சொல்லிவிட்டான். மெஹருன்னிசா, "வாப்பா, மரத்துக்குச் சளி புடிச்சா எந்த டாக்டர்கிட்ட காட்டுவீங்க?" என்றாள். இதை எந்தச் செலவில் எழுதட்டும் என்று நான் கேட்டதற்கு, "மீன் செலவுல எழுது, மீன் வாங்கி ஆக்குனதா நெனச்சுக்க" என்றார். எழுதியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வைகாசியில் இலை எல்லாம் கொட்டிவிட்டது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! "ஒறங்கிருச்சு, ஒறங்கிருச்சு" என்று தெருப் பிள்ளைகளுக்குச் சீனி கொடுத்தார். அன்றிலிருந்து கொல்லையில் நான் அம்மி அரைக்கக் கூடாது, ஆடு கத்தக் கூடாது. ஆட்டிடம் சொல்லும் பொறுப்பும் எனக்கு.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போன பொழுது பார்த்து நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை இல்லை, சுக்காகக் காய்ந்திருந்தது. மீன் ஐஸில் உப்புப் போட்டிருப்பார்கள் என்பது கடற்கரையில் பிறந்த மனுஷருக்குத் தெரியாதா, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இன்று காலையும் ஐஸ் வைத்துவிட்டு, "பூக்குற நேரம் அங்கன அவனுக்கு லீவு கெடைக்குமா?" என்று கேட்டார். நான் அடுப்பை ஊதுவதாகக் குனிந்துகொண்டேன்.

ஆகையால் தம்பி, அது பூக்காது. நீதான் வரவேண்டும். வாடையில் மார்பை மூடிக்கொள், ஃபஜ்ர் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். உன் கடிதத்தை மெஹருன்னிசா வாசிக்க அவர்தான் முதலில் உட்கார்ந்து கேட்பார், ஞாபகம் இருக்கட்டும், அதனால் மரம் செத்ததைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். வரும் தேதியை மட்டும் எழுது, சீக்கிரம் எழுது.

உன் உம்மா
சித்தி ஜுனைதா