தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டின் ராஜாவுக்கு

மெதெயின், மன்ரிக்கே
நவம்பர் 12

அன்பு மகன் டுவானுக்கு,

உன் புதுப் பாட்டில் நான் செத்துப்போனதைத் தவிர இங்கு எல்லோரும் சௌக்கியம். மாட்ரிட் குளிரில் உனக்கும் ஒன்றும் வராமலிருக்க மாதாவை வேண்டுகிறேன். என் கை சோள மாவில் இருப்பதால் உன் தங்கை மர்யோரி எழுதுகிறாள், நான் சொல்வதையெல்லாம் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றித்தான் எழுதுகிறாள், திட்டினாலும் கேட்பதில்லை.

தாயில்லாப் பிள்ளை, தெருதான் வளர்த்தது என்று நீ பாடியதைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். மீனில் முள் எடுத்து உனக்கு ஊட்டியதும் தெருதான் போலிருக்கிறது. அது போகட்டும், பாட்டென்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டுக்கு நான்தான் ராஜா என்று இடத்தின் பெயரைச் சொல்லிப் பாடினாயே, இங்கே ஒரு கும்பல் கையில் இருக்கும் படிக்கட்டை வேறொருவர் தன்னுடையது என்று சொல்லக் கூடாதென்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியுமே. இதைவிடச் சின்னப் பேச்சுக்காக மேல்தெருப் பையன் ஒருவன் போன வருடம் ஊரைவிட்டே போனான், அவன் அம்மாவை நான் தினமும் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கொக்கு நம் ரொட்டிக் கடைக்கு வந்தான், இப்போது அந்தப் படிக்கட்டு அவன் கும்பல் கையில். "நிடியாம்மா, உங்க பையன் எங்க படிக்கட்ட எந்த வருஷம் ஆண்டான்? டிசம்பர்ல வர்றானாமே, ராஜாவுக்கு வரவேற்பு குடுக்கணும்ல" என்று சிரிக்காமல் கேட்டான். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "போடா, அங்க ஒரு ஒத்தக்கண்ணு நாய் கெடந்துச்சே, அதுக்குப் பயந்து இவன் கோயிலச் சுத்திதான் பள்ளிக்கூடம் போவான். ஒருநாள் அது தொரத்தி, கால்சட்டையிலேயே" என்றேன், மீதியை எழுத மாட்டாளாம் உன் தங்கை. கொக்கு சிரித்துச் சிரித்து விக்கினான், நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, வரட்டும். வந்த அன்னிக்கே அந்தப் படிக்கட்டுல நின்னு நாய்க் கதையப் பாடணும், கால்சட்டையோட சேத்து. முடியாதுன்னா அங்கயே இருந்துக்கட்டும்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிற முகமில்லை அது.

உன் பாட்டில் கடைசியில், நான் யாரோ அதுவே எனக்குப் போதும் என்று வருகிறது, எனக்குப் பிடித்த இடம் அதுதான். அந்த யாரோ நாய்க்குப் பயந்தவன், கூடை தூக்கி என்னோடு ரொட்டி விற்றவன், அவனை எனக்கு நன்றாகத் தெரியும். நாய்ப் பாட்டின் முதல் நாலு வரியை மர்யோரி எழுதியே விட்டாள், நாய்க்கு எதுகைதான் சரியாக அமையவில்லையாம், அதை நீ பார்த்துக்கொள்.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, மாதா உன் கூடவே இருப்பாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் மறக்காமல் பதில் போடு. ரொட்டி வாங்க வரும்போதெல்லாம் கொக்கு, "ஒத்துக்கிட்டானா?" என்று கேட்கிறான். நேற்று, ஒத்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டேன். இனி நீ ஒத்துக்கொள்வதுதான் பாக்கி.

உயிரோடிருக்கும் உன் அம்மா,
நிடியா