உடையாத குழாய்க்கு நன்றி

என் பிரியத்துக்குரியவரே,

போன வாரம் மைசூரில் நிலம் ஆடியது. உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நான் அப்போது ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் வேலையில் இருந்தேன். கூரையைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. காவேரி மணலுக்கடியில் நீங்கள் போட்டுவிட்டுப் போன குடிநீர்க் குழாய் என்ன ஆயிற்றோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது உடைந்தால் இந்த ஆஸ்பத்திரிக்கு வேறு தண்ணீர் ஏது?

நினைவிருக்கிறதா? முதலில் நீங்கள் வரைந்தது ஆற்றுக்கடியில் விறைப்பாக, நேராகப் போகும் இரும்புக் குழாய். சுதந்திரம் வந்த புதிதில் எடுத்த பெரிய வேலை, அவசரம் வேறு. மேலதிகாரி கையெழுத்தும் போட்டாயிற்று. அதன்பிறகுதான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது: நிலம் ஆடினால் ஆற்று மணல் என்ன செய்யும்? என் தையல் மெஷின் மேல் தகரத் தொட்டியை வைத்து, தண்ணீர் ஊறிய மணலை நிரப்பினீர்கள். நான் கொண்டுவந்த மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, அடைத்து, அதற்குள் புதைத்தீர்கள்.

"மிதி எஸ்தர், நல்லா வேகமா மிதி" என்றீர்கள்.

மிதித்தேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஓரமாய்ப் போட்டுவிட்டு மணலுக்குத் தையல் போட்டவள் மைசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கெட்டியாக இருந்த மணல் கஞ்சியாகக் குழைந்தது. குப்பி மூழ்கும் என்று நினைத்தேன். அது மேலே வந்து மிதந்தது. உங்கள் முகம் வெளுத்துவிட்டது.

"என் குழாயும் இப்படித்தான் மேல வந்து முறிஞ்சிடும். நான் போட்டது தப்பு" என்றீர்கள். மறுநாள் மேலதிகாரியிடமும் அதையே சொன்னீர்கள். "மைசூர்ல ஏது பூகம்பம்? சும்னே இருங்க சார்" என்று அவர் கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்தாராம். நீங்கள் விடவில்லை. குழாயை அழுத்திப் பிடிக்கக் காங்கிரீட் பாரங்கள், முழங்கால்போல வளைந்துகொடுக்கும் மூட்டுகள் என்று எல்லாவற்றையும் மாற்றி வரைந்தீர்கள். வேலை தள்ளிப்போனது. உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. நீங்களோ இன்னொரு கரண்டி ரசம் கேட்டீர்கள். எப்படி முடிந்தது உங்களால்?

நிலம் ஆடிய அன்று, குழாயைத் திறந்து பார்க்கப் பயந்து, ஆஸ்பத்திரித் தொட்டியில் இருந்த தண்ணீரை வைத்து ஒப்பேற்றினோம். மறுநாள் காலையில் அதுவும் தீர்ந்துவிட்டது. ஆயா போய்க் குழாயைத் திருகினாள்.

"தண்ணி வருது கண்றீ சிஸ்டர்!" என்று அவளும் கன்னடம் கலந்து கத்தினாள்.

பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

குழாய் உடைந்திருந்தால் ஊரே உங்களை வைதிருக்கும். உடையாத குழாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, நான் சொல்கிறேன். தப்பு என்று தெரிந்ததும் அதைச் சொல்ல உங்களுக்கு இருந்த தைரியத்துக்கு நன்றி.

நம் வழக்கப்படி, நீங்கள் இருந்தவரை உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. யார் கேட்டாலும் "எங்க வீட்டுக்காரர்" என்பேன். இனி இங்கே பிள்ளை பெற்றுப்போகும் ஒவ்வொரு தாயிடமும், அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் யாரால் வந்தது என்று பெயரோடு சொல்வேன். இது சத்தியம்.

இன்று காலை முதல் தடவையாகச் சொன்னேன். "சாலமன்." சொன்னதும் உங்களைக் கூப்பிட்டதுபோல் ஆகிவிட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் மனைவி,
எஸ்தர்