உடற்பயிற்சி வகுப்பில் கேட்காமல் தொடும் ஆசிரியர் மீது புகார்

அனுப்புநர்:
காய்கறிக் கடைக்காரி,
சந்தைத் தெரு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நகராட்சி சமூகக் கூடம்.

பொருள்: பெண்கள் உடற்பயிற்சி வகுப்பில் ஆசிரியர் கேட்காமல் மேலே கை வைப்பதை நிறுத்தக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. மாடி அறையில் காலையில் நடக்கும் வகுப்பில் நானும் ஒருத்தி. குனிந்தால் எனக்கு முட்டி மடங்கும், நிமிர்ந்தால் வயிறு முந்தும். வகுப்பிலேயே கோணல் என்றால் நான்தான். ஆனாலும் ஆசிரியர் ஒரு நாளும் என்னைத் தொட்டுத் திருத்தியதில்லை. தொட்டால் தெருவே கேட்கும்படி சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

2. என் பக்கத்தில் நிற்கும் தையல்காரப் பெண், எனக்குத் தங்கை மாதிரி, வாயில்லாப் பூச்சி. இடுப்பு வலிக்கு மருத்துவர் சொல்லித்தான் வந்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவள். அவளைத்தான் தினமும் திருத்துகிறார். கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லிப் பாட்டுப் போடுவது வழக்கம். போன வியாழன் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். "மூச்சை நல்லா இழும்மா" என்று சொல்லி, அவள் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சே விடவில்லை ஐயா.

3. "சார், என் வயிறு இதைவிடப் பெருசு, இங்க வந்து சொல்லிக்குடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வரவுமில்லை. இப்போது வலியில் மெஷினில் உட்கார முடியாமல், நின்றுகொண்டே கைத்தையல் போடுகிறாள்.

4. தங்களிடம் நேரில் சொன்னேன். "உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்க்கா, அவரு நல்லா சொல்லிக்குடுக்கிறவரு" என்று அனுப்பிவிட்டீர்கள். சிரித்த வாயால் சொன்னது எடுபடவில்லை என்றுதான் எழுதித் தருகிறேன். வாங்காமல் தக்காளியை அமுக்கிப் பார்க்கிறவர் கையையே நான் தட்டிவிடுவேன். பெண்ணின் உடம்பு தக்காளியைவிட இளப்பமா?

5. ஆகவே, விசாரணை முடியும்வரை அவரை அந்த அறைக்குள் விடாமல் வேறு ஒருவரை நியமிக்க வேண்டும். இனி யார் சொல்லிக்கொடுத்தாலும் தவறை வாயால் சொல்லட்டும், தானே செய்து காட்டட்டும். தொட வேண்டும் என்றால் கேட்கட்டும். வேண்டாம் என்றால் நகர்ந்து போகட்டும். தங்கையை அவர் முன்னால் நிறுத்தி விசாரிக்க வேண்டாம். என்னை நிறுத்துங்கள், நான் பேசுகிறேன்.

ஜன்னலோரம் அவள் நிற்கும் இடத்தில் தினமும் என் பையை வைத்து இடம் பிடித்து வருகிறேன். அவள் பயமில்லாமல் வந்து அந்தப் பையை எடுத்து ஓரமாக வைக்கும்படி தாங்கள் செய்து தர வேண்டும்.

இடம்: சந்தைத் தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
காய்கறிக் கடைக்காரி