கழற்றாத ஒயர்

கிருணா, ஜனவரி 17

அன்புள்ள மார்யுத்,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாசல் பனியை நீயே தள்ளாதே, எதிர்வீட்டு ஓஸ்மோவைக் கூப்பிடு. நான் நலம். நம் சின்னக் காரும் நலம்தான், முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியதைத் தவிர.

பயப்படாதே. நேற்றுக் காலை இங்கே மைனஸ் முப்பது. எஞ்சின் உறையாமல் சூடேற்றும் ஒயரைக் கம்பத்திலிருந்து கழற்றாமலே வண்டியை எடுத்துவிட்டேன். ஒயர் அறுந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பனிக்குவியலில் முட்டி நின்றது. பக்கத்து அறை ராக்னர் சன்னலைத் திறந்து, "என்னண்ணே, கம்பத்தையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கத்தினான். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. பதினோரு குளிர்காலத்தில், நம் வீட்டில் ஒரு நாள்கூட நான் அந்த ஒயரைக் கழற்றியதில்லை. நான் காபி குடித்து முடிப்பதற்குள் நீ வெளியே போய்விட்டு வந்து என் கழுத்தில் கை வைப்பாய். "ஐயோ, ஐஸ் கை! எடுடி" என்று தட்டிவிடுவேன். எதற்கு வெளியே போனாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

கறுப்பு ரொட்டி இரண்டு அனுப்பு, இங்கே கிடைப்பது இனிக்கிறது. ராக்னர் ஹாரன் அடிக்கிறான், போகவேண்டும்.

மூன்று மாதமாக என் கழுத்து சூடாகவே இருக்கிறது, மார்யுத்.

எய்னோ