ஒன்பது சேரட்டும் என்றீர்கள்

வேட்டி மடிப்பில் செம்மண்ணோடு பஸ் இறங்கும் என் அப்பாவுக்கு,

மூன்று நாளாக இங்கே மூடுபனி விலகவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றால், நீங்கள் வெட்டி வளர்த்த வேலிச்செடிகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆமாம் அப்பா, அதே பள்ளிக்கூடம்தான். இருபது வருஷம் நீங்கள் தோட்டவேலை பார்த்த இடத்தில், ஜூன் மாதத்திலிருந்து நான் இங்கிலீஷ் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் நல்லவர்கள். எனக்குத்தான் பேச்சு வருவதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாசல் கரும்பலகை அப்படியே இருக்கிறது. தினம் ஓர் இங்கிலீஷ் பழமொழி எழுத வேண்டும். அர்த்தம் எழுதும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இப்போது எழுதுவது நான். சாக்பீஸை எடுத்தால் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதுபோலவே இருக்கும்.

நீங்கள் காலி விதைப் பாக்கெட்டைப் பிரித்து, அதன் உட்புறத்தில் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரைவீர்கள். படிக்கத் தெரியாது, வரையத் தெரியும். சாயங்காலம் நம் ஊர் வடகவுஞ்சிக்கு வந்ததும், கை கழுவும் முன்பே அதை நீட்டுவீர்கள். "இந்தா தாயி, இன்னைக்கு இதுதான் எழுதிக் கெடக்கு. என்னன்னு சொல்லு."

எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. பாதி வார்த்தை தெரியாது. தெரியாது என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் நானே அர்த்தம் கட்டினேன். கல்லும் பாசியும் வந்த பழமொழிக்கு, பாசி பிடித்தால் வழுக்கும், அதனால் கல் உருண்டுகொண்டே இருப்பது நல்லது என்றேன். மறுநாள் நீங்கள் அதை பஸ்ஸில் சொல்லியிருக்கிறீர்கள். கண்டக்டர் அண்ணன் தினமும் சீண்டுவார்: "என்ன மாமா, இன்னைக்குத் தொரை என்ன சொல்றாரு?" நீங்கள் விடமாட்டீர்கள்: "தொரை சொல்லலய்யா, எம்மக சொல்லுது!"

தையல் பற்றிய பழமொழியும் அப்படித்தான் வந்தது. தையல், நேரம், ஒன்பது, இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. "ஒரு கிழிசலுக்காக ஊசியத் தொடக் கூடாதுப்பா. ஒம்போது சேந்ததும் ஒரே நேரத்துல தைச்சா நூல் மிச்சம்" என்றேன்.

"அடி ஆத்தி! தொரமாரும் நம்மள மாதிரிதானா!" என்று தொடையில் தட்டிக்கொண்டீர்கள். மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மலையில் எல்லாருமே சோலிகளைச் சேர்த்து வைத்து ஒரே நடையாகத்தானே இறங்குவார்கள்? உங்கள் வழக்கத்துக்கு நான் இங்கிலீஷில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், நூலகத்தில் அர்த்தத்தோடு ஒரு பழமொழிப் புத்தகம் கிடைத்தது. உடனே சரிசெய்யாத சின்னக் குறை, பின்னால் பல மடங்கு வேலை வைக்கும் என்பதுதான் அதன் அர்த்தமாம். நான் சொன்னதற்கு நேர் எதிர். புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது சொல்லிவிட நினைத்தேன். பஸ்ஸில் நீங்கள் இருந்தீர்கள். என்னைக் காட்டி, "இதுதான் எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுற புள்ள" என்று யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லவில்லை.

பிறகுதான் மண்வெட்டி உங்கள் காலைப் பதம் பார்த்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. கீழே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா தினமும் சண்டை போட்டார். நீங்களோ, "போலாம்ல. ஒனக்குக் கண்ணாடி, ரேஷன் கார்டுல பேரு, மம்பட்டிக்குப் பிடி, எங்காலு. நாலுதான ஆச்சு? ஒம்போது சேரட்டும்" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

காய்ச்சலோடு உங்களைக் கீழே கொண்டுபோனபோது பட்டியல் ஆறில் நின்றிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். "சோலி கெடந்துச்சுங்க" என்றார் அம்மா. நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது, அந்தத் தப்பான அர்த்தத்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சரியான அர்த்தத்தைச் சொல்லியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பீர்களா? இல்லை, வேறொரு சாக்கு கண்டுபிடித்திருப்பீர்களா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிவிட்டேன். அதற்கென்றே தனியாக ஒரு நடை இறங்கினோம்.

நேற்று முன்தினம் பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன். ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கும் புஷ்பம் அக்கா போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, இதுக்கு என்னங்க அர்த்தம்? எம்மக கேப்பா." பள்ளிக்கூடத்துப் பழமொழி நோட்டில் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தேனே தவிர, அதன் அர்த்தம் எனக்கு நிச்சயமில்லை. பழைய பழக்கத்தில் ஏதோ ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலக்கா. பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

"அதுக்கென்னங்க, மெதுவாச் சொல்லுங்க. நான் எங்க போயிரப் போறேன்" என்று சிரித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். இவ்வளவுதானா அப்பா? இவ்வளவு சுலபமாகவா இருந்தது?

நேற்று புஷ்பம் அக்காவிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். இன்று, ஜூனிலிருந்து தள்ளித் தள்ளிவிட்ட அந்தத் தையல் பழமொழியை எழுதினேன். அதன் கீழே, முதல்முறையாக, தமிழில் அர்த்தமும் எழுதினேன். கடைசி வரி கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

இனி தினமும் எழுதுவேன் அப்பா, நீங்கள் நின்று வரைந்த இடத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. நிச்சயமாகத் தெரியாத நாளில், கீழே இடத்தைக் காலியாக விட்டுவைப்பேன். யார் கேட்டாலும் தெரியவில்லை என்றே சொல்வேன்.

இந்த ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லாமல் விட்ட,
உங்கள் தாயி